மூச்சை இழுத்துவிட்டுப் பேசு என்று சொல்லாதீர்கள்

பிள்ளை "அ... அ... அப்பா" என்று திணறியதும் நம் வாயில் வருவது ஒரே வாக்கியம்: "மூச்சை நல்லா இழுத்துவிட்டு நிதானமாப் பேசுடா!" விருந்தாளி யாராவது உட்கார்ந்திருந்தால் அதட்டலும் சேர்ந்துகொள்ளும். நிதானத்தை இவ்வளவு அவசரமாகவா கற்றுத்தருவது?

திக்குவாய் மூச்சுப் போதாமல் வருவதல்ல. பேச்சை மூளை ஒழுங்குபடுத்தும் விதத்தில் உள்ள வேறுபாடு அது, பரம்பரைக்கும் பங்குண்டு. திக்கும்போது மூச்சு தாறுமாறாவது விளைவுதானே தவிர, காரணம் அல்ல. ஓயாமல் "மூச்சு இழு" என்றால், சில பிள்ளைகள் பேசுமுன் தோளைத் தூக்கி மூச்சு வாங்கப் பழகிவிடுகிறார்கள். திக்கலும் போகாது, புதுப் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும்.

மூச்சுப் பயிற்சியே வீண் என்று யார் சொன்னது? மைதானத்தில் கத்திக் கத்திக் குரல்நாணில் முடிச்சு விழுந்த பையனுக்கு, காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்த பிறகு, வயிறு அசைய மூச்சுவிடக் கற்றுத்தருவதுண்டு. திக்கும் பிள்ளைக்கும் காற்றை மெல்ல வெளியே விட்டபடி முதல் எழுத்தை மென்மையாகத் தொடங்கச் சொல்லித்தருவார்கள். அதைப் பேச்சுப் பயிற்சியாளர் பிள்ளையின் வயதும் மனசும் பார்த்துச் செய்வார். நாம் சோற்றுத் தட்டு முன்னால் போடும் உத்தரவும் அதுவும் ஒன்றா? திக்குவாய் இருந்த இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ், 1926 முதல் பேச்சுப் பயிற்சியாளர் லயனல் லோக்கிடம் மூச்சுப் பயிற்சி எடுத்தவர். முடிசூடிய பிறகும் முக்கிய உரைகளுக்கு லோக்கை வைத்து ஒத்திகை பார்த்தார். நம் பிள்ளை மட்டும் ஒரு அதட்டலில் சரளமாகிவிட வேண்டுமாம்!

வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதையும், வாயில் கூழாங்கல் போட்டுப் பேசவைப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கல் மூச்சுக்குழாய்க்குள் போனால் என்ன செய்வீர்கள்?

திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தலைகாட்டும். பலருக்குத் தானாகவே மறைந்தும் போகும். ஆனால் உங்கள் பிள்ளை அந்தப் பலரில் ஒருவரா என்று பாட்டியால் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கோம் முறையில், சிறு பிள்ளைகளுக்குத் தினமும் வீட்டில் பயிற்சி தருவதே பெற்றோர்தான், பயிற்சியாளரின் வழிகாட்டலோடு. ஆக நமக்கு வேலை இல்லாமல் இல்லை.

போனைக் கீழே வையுங்கள். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். பிள்ளை தேடும் வார்த்தையை எடுத்துக்கொடுக்காமல், முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். சில மாதங்கள் கடந்தும் நீடித்தால், வீட்டில் வேறு யாருக்காவது திக்குவாய் இருந்தால், பிள்ளை பேசவே தயங்கினால், அடுத்த பிறந்தநாள்வரை காத்திராமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் கூட்டிப்போங்கள்.