களப்புப் படகுகளுக்கு எந்த வேகம்?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2022இல் இயற்றிய சட்டம், வில்லமெட் ஆற்றின் நியூபெர்க் பகுதியில் நீர்விளையாட்டுக்கு ஆளை இழுத்துச் செல்லும் படகுகளின் அதிகபட்சச் சுமை எடையை 5,500 இறாத்தலுக்குள் (ஏறத்தாழ 2,500 கிலோ) நிறுத்தியது. வேகத்தை விட்டு எடையில் ஏன் கைவைத்தார்கள் என்பது நம் தொழிலில் இருப்பவர்களுக்கு விளங்கும். அலைச்சறுக்குப் படகு மணிக்கு 16, 18 கிலோமீற்றரில்தான் ஓடுகிறது. நீர்த்தொட்டிகளை நிரப்பிப் பின்புறத்தைத் தாழ்த்திக்கொண்டு, அந்த ஓட்டத்திலேயே கரையை அரிக்கும் அலையை எழுப்பிவிடுகிறது.

நம் கிழக்கிலங்கைக் களப்புகளிலும் இயந்திரப் படகுகளுக்கு வரம்பு வேண்டும் என்பதில் இந்த இதழுக்கு இரண்டு கருத்து இல்லை. வேறோர் ஆற்றின் எண்ணைப் பெயர்த்துக் கொண்டுவந்து பலகையில் எழுதுவதைத்தான் எதிர்க்கிறோம்.

தேம்ஸ் ஆற்றின் வற்றுப்பெருக்கு ஏறாத பகுதியில் வரம்பு மணிக்கு 8 கிலோமீற்றர். அங்கே அது பொருந்தும். ஆனால் அரை மீற்றர் ஆழத்தில் ஆழ ஃபுரூட் எண் (படகின் வேகத்துக்கும் அந்த ஆழத்தில் அலை ஓடக்கூடிய வேகத்துக்கும் உள்ள விகிதம்) ஒன்றைத் தொடும் வேகமும் அதே 8 கிலோமீற்றர்தான். ஒரு மீற்றரில் அது 11, ஒன்றரை மீற்றரில் ஏறத்தாழ 14. அந்த வேகத்தை நெருங்க நெருங்க அலை கூடும் என்பதால், கண்டல் ஓரத்து அரை மீற்றர் நீரில் விதியை அப்படியே மதித்து ஓட்டுகிறவர்தான் வேர்களை அதிகம் உலுக்குவார். கோடையில் முகத்துவாரம் மண் மூடிக் கிடக்கும்போதும், மாரியில் வெட்டிவிட்ட பிறகும் ஒரே களப்புக்கு ஒரே ஆழம் இருப்பதில்லை. பருவத்துக்கும் ஆழத்துக்கும் ஏற்ப மாறாத வரம்பு நமக்கு உதவாது.

இதை யாரிடம் சொல்வது? 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, கடலோடு சேரும் ஆறும் களப்பும் உள்நாட்டுப் பக்கம் இரண்டு கிலோமீற்றர் வரையே கரையோர வலயம். அதற்கு அப்பால் வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். மீன்பிடி வள்ளத்துக்குக் கடற்றொழில் திணைக்களம், கண்டலுக்கு வனத்துறை, இறங்குதுறைக்குப் பிரதேச சபை. படகு எழுப்பும் அலையோ இந்த எல்லைகளில் நிற்பதில்லை. பொத்துவில் களப்பில் மீனவர்களே கம்பு ஊன்றும் தோணியில் பயணிகளை ஏற்றிக் கண்டல் காட்டுகிறார்கள். இயந்திரமே இல்லாமல் சுற்றுலா நடத்த முடியும் என்று காட்டிய அந்த மனிதர்களின் தோணியைக் கவிழ்க்கவும் வலையை அறுக்கவும் வேகப் படகு ஒன்று போதும். ஆனாலும் விதி எழுதும் மேசையில் அவர்களுக்குக் கதிரை போடப்படுவதில்லை. இதை நாம் பல ஆண்டுகளாக எழுதிவருகிறோம்.

ஆளிறந்தால்தான் அதிகாரம் அசையும் என்பதைக் கிண்ணியா நமக்குக் காட்டியது. அங்கே குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது மக்களுக்குக் கிடைத்தது பாதுகாப்பற்ற ஒரு மிதவை. 2021 நவம்பர் 23 அன்று அது கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் பலியானார்கள். கடற்படையின் படகுச் சேவை அதன் பிறகே வந்தது. அந்தச் சேவையைப் பாலம் கட்டத் தொடங்கிய முதல் வாரமே தந்திருக்க முடியாதா? எத்தனை பேர் ஏறலாம், யார் சோதிப்பது, உயிர்காப்பு அங்கிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகள் அந்தப் பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னரே கேட்கப்பட்டிருக்க வேண்டியவை. கோமாரியிலும் பொத்துவிலிலும் நாளை ஏறப்போகிற பிள்ளைகளுக்காக அதே கேள்விகளை இன்றே கேட்கிறோம்.

களப்புக்கு ஒரே பொறுப்பதிகாரி வேண்டும். மாரியிலும் கோடையிலும் ஆழம் அளந்து படம் வெளியிட வேண்டும். ஒரு மீற்றருக்குக் குறைந்த நீரில் இயந்திரத்தை முற்றாகத் தடுக்க வேண்டும். மற்ற இடங்களில் படகின் நீளம், எடை, ஆழம் மூன்றையும் சேர்த்து வரம்பு வகுக்க வேண்டும். விதியின் வரைவு கொழும்புக்குப் போகுமுன் தோணிக்காரர் சங்கங்கள் அதைத் தமிழில் வாசித்து ஒப்புதல் தர வேண்டும். உங்கள் களப்பில் நீங்கள் எடுத்த ஆழ அளவுகளை அனுப்புங்கள். அடுத்த இதழில் வெளியிட்டு, அதே பக்கங்களை மாவட்டச் செயலகத்திலும் கையளிப்போம்.