வாய்க்குப் பூட்டு!

தோழர்களே! 2015 ஆகஸ்டு 12. சீனத்துத் தியான்ஜின் துறைமுகக் கிடங்கிலே அமோனியம் நைட்ரேட் வெடித்தது. 173 உயிர்கள் பறிபோயின. “கிடங்கிலே இதை வைத்தவன் யார்?” என்று இணையத்திலே கேட்டனர் மக்கள். விடையா வந்தது? பூட்டு வந்தது! ஐம்பது தளங்கள்மீது பாய்ந்தது அரசு. வதந்தியாம்!

நம் மணலியிலும் 2015 முதல் கிடந்தது அதே சரக்கு, சுமார் 700 டன்! 2020-இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்ததும் ஏடுகள் எழுதின, ஊர் கேட்டது; பெட்டிகள் ஐதராபாத்துக்கு நகர்ந்தன. எழுத்துரிமை படித்தவன் பொழுதுபோக்கல்ல, பாட்டாளியின் பாதுகாப்பு!

ஆயினும் மார்தட்ட வேண்டாம். 2025 பிப்ரவரியில் ஒரு கேலிச்சித்திரத்துக்காக விகடன் தளத்தையே முடக்கியது தில்லி. மார்ச்சில் உயர்நீதிமன்றம் திறக்கச் சொன்னது, அந்தப் படத்தை நீக்கிவிட்டு! பூட்டு பீகிங்கிலே மட்டுமில்லை, தோழர்களே. விழித்திருப்போம்!