சொந்த ஊர் என்பது யாருடைய ஊர்?

விளையாட்டு வீரர் ஒருவர் வென்று திரும்பினால் செய்தித்தாள்கள் முதலில் அவருடைய சொந்த ஊரைத்தான் தேடிப் போகும். மேளம் கொட்டினார்கள், இனிப்பு கொடுத்தார்கள், ஊரே திரண்டு வரவேற்றது என்று எழுதும். படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும். அது எந்த ஊர்?

நான் தாராபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் காலனியில் பிறந்தவன். எங்கள் பகுதியில் ஊர் வேறு, வளவு வேறு. இருநூறு அடி தள்ளியிருக்கும் மளிகைக் கடைக்குக் கிளம்பும்போது என் அம்மா, "ஊருக்குள்ள போய்ட்டு வந்தர்றேன்" என்றுதான் சொல்வார். அங்கேயே பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே சாகப் போகிறவர். ஆனால் அவர் ஊருக்குள் இல்லை.

தாராபுரத்தில் நான் படித்த பள்ளியில் பி.டி. வாத்தியார் ஒருவர் ஹாக்கி சொல்லிக் கொடுத்தார். மணி அடித்ததும் மட்டையைத் திருப்பி வைத்துவிட வேண்டும். அதனால் லீவு நாட்களில் நானும் என் பெரியப்பா மகனும் வளைந்த வேலாங்கிளையைச் செதுக்கிக்கொண்டு ஊர்க் கோயிலை ஒட்டிய பொட்டலில் ஆடினோம். ஊர்ப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். பந்து ஓடும் வேகத்தில் மரியாதை பார்க்க ஏது நேரம்? "டேய், பந்தக் குடுடா" என்று அண்ணன் கத்தினான். அவன் கத்தியது ஒரு தோட்டத்துக்காரர் மகனைப் பார்த்து. அந்தப் பையனுக்கு அது உறைக்கவே இல்லை. பந்தைக் கொடுத்தான், கோல் விழுந்தது.

உறைத்தது திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. அன்று சாயங்காலமே பெரியப்பாவுக்கு ஆள் வந்தது. "தெரியாமப் பண்ணிப்போட்டானுங்க சாமி" என்று அவர் கைகட்டி நின்றார். அதோடு அந்தப் பொட்டலில் எங்கள் ஆட்டம் முடிந்தது. அண்ணன் பிறகு எங்கேயும் ஆடவில்லை. திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

2021 ஆகஸ்டில் வந்தனா கட்டாரியா வீட்டு வாசலில் நடந்ததைப் படித்தபோது எனக்கு அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது.

ஹரித்வார் அருகே ரோஷனாபாத் என்ற கிராமத்தில் தலித் குடும்பத்தில் பிறந்தவர் வந்தனா. அக்கம்பக்கத்தார் பேச்சைப் பொருட்படுத்தாமல் அவரை ஆட அனுப்பியவர் அப்பா நாகர் சிங். 2021 மே மாதம் அவர் இறந்தபோது மகள் பெங்களூரு பயிற்சி முகாமில் இருந்தார். கடைசி முகம் பார்க்கப் போகவில்லை. ஜூலை 31 அன்று டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர்தான். நாடே கொண்டாடியது.

ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா 1-2 என்று தோற்றது. உடனே சிலர் வந்தனாவின் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வி என்று சாதி சொல்லித் திட்டினார்கள் என்பது குடும்பத்தாரின் புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது, கைதும் நடந்தது. தோற்றது ஒரு முழு அணி. பட்டாசு வெடித்தது ஒரே ஒரு வீட்டு வாசலில். இரண்டு நாள் கழித்து பிரிட்டனுக்கு எதிராகக் களமிறங்கிய வந்தனா அதிலும் ஒரு கோல் அடித்தார். அதற்கும் தேசம்தான் உரிமை கொண்டாடியது.

இது புதிதல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் பால்வாங்கர் பாலு என்ற தலித் பந்துவீச்சாளர் இந்துக்கள் அணிக்கு விக்கெட்டுகளைக் குவித்தார். அவர் கை பட்ட பந்தைச் சக வீரர்கள் பிடித்தார்கள். ஆனால் தேநீர் இடைவேளையில் அவர்களுக்குப் பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே மண் குவளை. கொங்கு தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"திறமை இருந்தால் சாதி தடுக்காது, வந்தனா வரவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. வந்தார்தான். 320 சர்வதேசப் போட்டிகளும் 158 கோல்களும் ஆடிவிட்டு 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார், பத்மஸ்ரீயும் பெற்றார். ஆனால் எப்படி வந்தார்? அவருடைய அப்பாவுக்கு பெல் என்ற பொதுத்துறை நிறுவனத்தில் வேலை இருந்தது. சம்பளம் திண்ணையிலிருந்து வரவில்லை. என் பெரியப்பாவின் கூலி அந்தத் திண்ணையிலிருந்துதான் வந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே இருந்தது திறமையின் வித்தியாசம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நம் மாநிலத்திலும் அரசு வழி திறந்த இடத்தில்தான் ஆள் வந்திருக்கிறார்கள். 2022 ஆசியக் கோப்பைக்கு இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரனும் கார்த்தியும் கோவில்பட்டி அரசு ஹாக்கி விடுதியில் பயின்றவர்கள். விடுதி வரை போய்ச் சேர்கிற பிள்ளைக்கு ஒரு வழி உண்டு. ஆனால் முதல் பந்தை அடிக்க உள்ளூரில் ஒரு இடம் வேண்டுமே?

அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை, பொது இடம் எதிலும் சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு. ஆகவே பஞ்சாயத்துப் பணத்தில் போடும் திடல் ஊர்க் கோயிலின் நிழலில் இருக்கக் கூடாது. பள்ளி வளாகத்திலோ, எல்லாரும் புழங்கும் சாலை ஓரத்திலோ இருக்க வேண்டும். சண்டை எதற்கு, காலனிக்குத் தனித் திடல் கொடுத்துவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். அதை நாம் ஏற்கக் கூடாது. தனித் திடல் என்பது இரண்டாவது குவளை.

அண்ணன் மகள் இப்போது ஹாக்கி மட்டை கேட்கிறாள். மட்டையை நான் வாங்கிக் கொடுத்துவிடுவேன். யாரைப் பார்த்தும் "டேய், பந்தக் குடுடா" என்று அவள் கத்தக்கூடிய ஒரு திடலை, நாம் எல்லாரும் சேர்ந்து கேட்டால்தான் வாங்க முடியும்.