நங்கூரப் பியர்ச்சாலை

பியர்ச்சாலை ஒன்றைப்பற்றிக் குடும்பப் பகுதியில் எழுதுவதா என்று வாசக நேயர்களுட் சிலர் புருவத்தை நெரித்தல் கூடும். இதனை எழுதுபவன் அப்பானத்தைச் சுவைத்தறியாதவன். பிறரைச் சுவைக்கத் தூண்டுபவனுமல்லன். நொடிந்துபோன ஒரு சிறு தொழிலை ஓர் இளைஞன் தூக்கி நிறுத்திய கதை இது. அதன் பின்னே நிகழ்ந்ததும் மாணவர்கள் அறியத்தக்கதே.

அச்சாலை இருப்பது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில். பெயர் அங்கர், நங்கூரம் என்பது பொருள். பால்மாப் பேணியில் அப்பெயரைக் கண்டு பழகிய நம் இல்லத்தரசியர் மயங்க வேண்டியதில்லை. இரண்டிற்கும் உறவு எதுவுமில்லை. 1871 ஆம் ஆண்டில் பிரெக்கிள் என்னும் ஜேர்மானியர் பழைய பானசாலை யொன்றை வாங்கி அங்கே பியர் காய்ச்சத் தொடங்கினார். 1896 இல் அது பரூத் என்பவருக்கும் அவர்தம் மருமகன் ஷிங்கெலுக்கும் கைமாறியபோதே நங்கூரப் பெயர் வாய்த்தது. பெயரில் இருந்த உறுதி வாழ்வில் இல்லை. 1906 பெப்ரவரியில் பரூத் இறந்தார். ஏப்ரலில் நகரையே அழித்த நிலநடுக்கமும் தீயும் சாலையை விழுங்கின. மறு ஆண்டிலே ஷிங்கெல் டிராம் வண்டியில் அடிபட்டு மாண்டார். 1920 முதல் 1933 வரை நாடெங்கும் மதுவிலக்கு. விலக்கு நீங்கித் திறந்த மறு ஆண்டிலேயே மீண்டும் தீ! இத்துணை இடருக்கும் ஈடுகொடுத்த சாலையைச் சாய்க்கவிருந்தது தீயன்று, காலமாற்றம்.

அங்கே காய்ச்சப்பட்டது ‘ஸ்டீம் பியர்’ எனப்படும். பியர் என்பது முளைகட்டிய வாற்கோதுமையின் சாற்றை, ஹொப்ஸ் என்னும் கைப்புப் பூவுடன் காய்ச்சி, ஆற்றி, மதுவத்தை இட்டு நொதிக்கச் செய்வது. நொதித்தலின் வேகத்தை நாம் நன்கறிவோம். பானையிற் சுண்ணாம்பு பூசாவிடின் கருப்பநீர் விடியுமுன் கள்ளாகிவிடுமன்றோ? ஜேர்மானியர் கொணர்ந்த மதுவமோ குளிரிலே மெல்ல வேலை செய்வது. பொன் தேடி மக்கள் குவிந்த கலிபோர்ணியாவில் அக்காலத்தில் பனிக்கட்டி கிடைத்தற்கரிது. ஆகவே அகன்ற, ஆழமற்ற திறந்த தொட்டிகளிற் சாற்றைப் பரப்பிக் கடற்காற்றின் குளிர்ச்சியிலே நொதிக்க விட்டனர். பீப்பாவைத் திறக்கும்போது வாயு சீறியெழுவதால் ஸ்டீம் எனப்பட்டது என்பர் சிலர். தொட்டிகளினின்று எழுந்த ஆவியே காரணம் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், குளிரூட்டும் இயந்திரம் வந்தபின் இம்முறையை ஏனையோர் கைவிட்டனர். ஏழைத் தொழிலாளரின் பானம் என்ற இளப்பமும் அதற்கிருந்தது.

1965 இல் சாலை மூடப்படும் நிலைக்கு வந்தது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்ற பிரிட்ஸ் மேடாக் என்னும் இளைஞர், தாம் வழக்கமாகப் பருகும் பியரைச் செய்யும் இடம் மூடப்படப்போகிறது என்று உணவகத்தார் கூறக்கேட்டுப் பார்க்கச் சென்றார். சென்றவர் சில ஆயிரம் டொலருக்கு அதன் பெரும்பங்கை வாங்கிவிட்டார்! சலவை இயந்திரத்தாற் பெயர்பெற்ற குடும்பத்தின் கொள்ளுப்பேரன் அவர். செல்வம் இருந்தது, தொழில் தெரியாது. பியரோ அடிக்கடி புளித்தது. அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கினார், பாஸ்ரரின் ஆராய்ச்சிகளைப் படித்தார், கிருமி எங்கே நுழைகிறதென்று ஒவ்வொரு குழாயாகத் தேடினார். பழைய முறையை விடாது அதனைத் தூய்மையாகச் செய்வதே அவர் கண்ட வழி. 1971 இற்றான் போத்தலில் அடைத்து விற்க இயன்றது. 1975 முதல் ஒவ்வொரு நத்தாருக்கும் புதிய பக்குவத்தில் ஒரு பியரும், போத்தலின் ஒட்டுத்தாளிற் புதிய மரமொன்றின் படமும் வந்தன. 1989 இல் நின்காசி என்னும் சுமேரிய மதுத் தெய்வத்தைப் போற்றிய பழந் துதிப்பாடலை ஆராய்ந்து, அதிற் கூறியவாறு ரொட்டி சுட்டுப் பியர் செய்து பார்த்தார். வரலாற்றாசிரியர் எவருக்கும் பொறாமை தரும் வேலை!

அக்காலத்திற் பெருநிறுவனங்கள் சிறு சாலைகளை விழுங்கிவந்தன. 1970களின் இறுதியில் அமெரிக்கா முழுவதிலும் நூறு பியர்ச்சாலைகள்கூட இல்லை. மேடாக்கைப் பார்த்துப் பிறரும் துணிந்தனர். இன்று அவை ஒன்பதாயிரத்துக்கு மேல். தம்மிடம் கற்க வந்தோருக்கு அவர் மறைக்காமற் சொல்லிக்கொடுத்தார். பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றுப் பெருப்பிக்க ஒருகால் எண்ணி, பின் வேண்டாமென விடுத்தார். நம் ஊரில் மருந்துக் குறிப்பைக்கூட மகனுக்குச் சொல்லாது மறைக்கும் பரியாரிமாரை நினைத்துக்கொண்டேன்.

2010 இல் முதுமையை அண்மித்த அவர் சாலையை விற்றார். 2017 இல் அது ஜப்பானின் சப்போரோ நிறுவனத்திடம் சென்றது. 2019 இல் தொழிலாளர் தொழிற்சங்கம் அமைத்தனர். போட்டி மிகுந்தது, 2020 இன் பெருந்தொற்றில் உணவகங்கள் மூடப்பட்டன, 2021 இல் பழைய ஒட்டுத்தாளை மாற்றியமை பழகியவர் மனத்தைப் புண்படுத்தியது. அவர் வளர்த்துவிட்ட பிள்ளைகளே போட்டியாளராயினர் என்பதையும் மறைப்பதற்கில்லை. 2023 ஜூலையிற் சாலை மூடப்படும் என்ற அறிவித்தல் வந்தது. தொழிலாளர் தாமே கூட்டுறவாக வாங்கி நடத்த முயன்றனர், கைகூடவில்லை. இயந்திரங்களின் இயக்கத்தை நன்கறிந்த அவர்கள் வெளியே நிற்க, செப்புக் கொப்பரைகள் உள்ளே வெறுமையாய்க் கிடந்தன.

2024 இல் அவற்றை வாங்கியவர் ஹம்டி உலுகாயா. துருக்கியிலிருந்து குடியேறி, மூடிக்கிடந்த ஒரு பாற்பொருட் சாலையை வாங்கித் தயிர் விற்றுச் செல்வரானவர். நொதித்தற் கலை அவருக்குப் புதிதன்று.