தடை போட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்களா?



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்திருந்தான். காரணம் கேட்டேன். "உம்மா குவைத்துக்குப் போய்ட்டா சேர்" என்றான். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. நம் ஊர்ப் பாடசாலைகளில் இந்தப் பதிலைக் கேட்காத ஆசிரியர் யார்?

பெண்கள் பணிப்பெண்ணாக வெளிநாடு போகலாமா என்று பலர் என்னிடம் மார்க்கத் தீர்ப்புக் கேட்பதுண்டு. அதைப் பற்றி இன்று நான் எழுதவில்லை. போகிற பெண்களுக்காக அரசாங்கம் போட்ட விதிகள் அந்தப் பெண்களுக்கு என்ன செய்தன என்பதுதான் இன்றைய பேச்சு.

மூதூர் றிசானா நபீக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1988இல் பிறந்த பிள்ளை. கடவுச்சீட்டில் 1982 என்று போட்டு 2005இல் சவூதிக்கு அனுப்பினார்கள். போய்ச் சில வாரங்களில் அவர் பொறுப்பிலிருந்த கைக்குழந்தை இறந்தது. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அன்று நம் வீடுகளில் அழாத உம்மாமார் இல்லை.

அதே ஆண்டில் விதிகள் இறுகின. பணிப்பெண்ணாகச் சவூதி செல்ல வயது 25, மற்ற மத்திய கிழக்கு நாடுகளுக்கு 23 என்றார்கள். குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போக முடியாது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களை யார் பார்ப்பார்கள் என்று காட்ட வேண்டும். பிரதேச செயலகம் வரை கையொப்பங்கள் வேண்டும். பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் தகப்பனிடம் இப்படி ஓர் அறிக்கையை எவரும் கேட்கவில்லை.

நோக்கம் நல்லதுதான். தாயின் மடி தேவைப்படும் வயதில் பிள்ளையை விட்டுப் போகக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்ல நோக்கத்தோடு கொடுக்கும் மருந்தும் நோயாளிக்கு என்ன செய்தது என்று பார்க்கத்தானே வேண்டும்?

எங்கள் மஹல்லாவில் ஒரு தாய். கணவர் கடலில் மௌத்தாகிவிட்டார். கடைசிப் பிள்ளைக்கு நாலு வயது. 2015இல் அந்தப் படிவத்தோடு என்னிடம் வந்தார். நிரப்பிக் கொடுத்தேன். பிள்ளையின் வயதைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "மௌலவி, நான் போனா புள்ளயள யார் பாக்கிறண்டு கேக்கிறாங்க. போகாட்டி புள்ளயளுக்கு என்னத்தக் குடுக்கிறண்டு ஒருத்தரும் கேக்கல்லையே" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. ஸகாத் நிதியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஏதோ கொடுத்தோம். நாலாம் மாதம் ஒரு சப் ஏஜன்ட் அவரைச் சுற்றுலா விசாவில் அனுப்பிவிட்டான்.

பதினான்கு மாதம் கழித்து வந்தார். ஏழு மாதச் சம்பளம் கிடைக்கவில்லை. கையில் எண்ணெய் சுட்ட தழும்பு. வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர்களுக்குக் காப்புறுதி உண்டு, பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசிலும் உண்டு. இவர் பதியாமல் போனவர். எதுவும் இல்லை.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்கிறேன். அந்தச் சகோதரி எந்தக் கணக்கில் வருவார்? போனவர்கள் கணக்கில் அவர் பெயர் இல்லை. அந்த ஆண்டுகளின் கணக்கைப் பார்த்தால் போகும் பெண்களின் பங்கு குறைந்திருக்கும். 1990களின் நடுப்பகுதியில் வெளிநாடு சென்ற இலங்கையரில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். 2010களின் நடுப்பகுதியில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. விதி வரமுன்பே தொடங்கிய குறைவு அது. அதனால் விதியின் பங்கு எவ்வளவு என்று இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. காகிதத்தில் அவர் தடுக்கப்பட்ட தாய். உண்மையில் அவர் ஒரு பாதுகாப்பும் இல்லாமல் போன தாய். வரவுப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளை படித்தானா என்று எந்த ஆசிரியரால் சொல்ல முடியும்?

இது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. 2022 நவம்பரில் ஓமானில் அகப்பட்ட நம் நாட்டுப் பெண்களின் செய்தி வந்ததே, அவர்களும் சுற்றுலா விசாவில் கொண்டு செல்லப்பட்டவர்கள்தாம்.

பணியகம் நடத்தும் பயிற்சியையும் நான் குறை சொல்ல மாட்டேன். சலவை இயந்திரம், மின் அடுப்பு, கொஞ்சம் அரபு எல்லாம் சொல்லித் தருகிறார்கள். (அந்த அரபு நாங்கள் மத்ரஸாவில் கிதாபு ஓதிப் படித்த அரபு அல்ல. அதை வைத்துக்கொண்டு ஜித்தாக் கடையில் வெங்காயம் வாங்க நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்!) ஆனால் பயிற்சி பெறுபவர் பணிப்பெண். கஃபீல் அல்லவே. சம்பளத்தைப் பிடித்துவைப்பவனுக்கும் கடவுச்சீட்டைப் பூட்டிவைப்பவனுக்கும் யார் பாடம் நடத்தினார்கள்? சவூதியிலே 2013இல் வீட்டு வேலையாட்களுக்கென விதிகள் வந்தன. நாளுக்கு ஒன்பது மணி நேர ஓய்வு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. பூட்டிய கதவுக்குப் பின்னால் அது நடக்கிறதா என்று போய்ப் பார்ப்பவர் யார்?

2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் போனபோது விதி தளர்ந்தது. வயது 21 ஆனது. பிள்ளையின் வயது ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கியது. அந்த ஆண்டு ஆணும் பெண்ணுமாக 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்து போனார்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தாய் தேவையில்லை என்று திடீரென யார் கண்டுபிடித்தார்கள்? போட்டபோது கண்ணீர் காரணம், தளர்த்தியபோது டொலர் காரணம். என் கணிப்பில் இரண்டு முறையும் அந்தத் தாய்மாரை உட்கார வைத்து யாரும் கேட்கவில்லை.

போவதாக முடிவு செய்துவிட்ட சகோதரி இதை வாசித்தால் ஒன்று சொல்வேன். பணியகத்தில் பதியாமல் விமானம் ஏறாதீர்கள். சுற்றுலா விசா என்று எவன் சொன்னாலும் கடவுச்சீட்டை அவன் கையில் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தின் பிரதியொன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வீட்டிலிருப்பவர்களே, அவர் அனுப்பும் காசில் ஒரு பகுதியை அவர் பெயரிலேயே வங்கியில் போடுங்கள்.

நான் சொன்ன சகோதரி இப்போது காலையில் இடியப்பம் அவித்து விற்கிறார். சுற்றுலா விசாவில் யாராவது போகப்போவதாகக் கேள்விப்பட்டால் அந்த வீட்டுக்குப் போய்த் தன் கையைக் காட்டுகிறார். அந்தக் குவைத் உம்மாவின் பையனுக்கு, வாப்பும்மாவின் சம்மதத்தோடு, அஸருக்குப் பிறகு பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். கணக்கில் கெட்டிக்காரன்.