முதலில் டிரைவர்

செடி விளக்கு செய்யப்போவதாக யாராவது சொன்னால், என்ன எல்.இ.டி. வாங்கினீர்கள் என்று நான் கேட்பதில்லை. என்ன டிரைவர் போடப்போகிறீர்கள் என்று கேட்கிறேன். பெரும்பாலும் பதில் வராது. சிவப்பு எத்தனை, நீலம் எத்தனை, எந்தக் கம்பெனி என்று எல்.இ.டி. பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். அதற்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியோ, கடைசி நிமிடத்தில் கடைக்காரர் எடுத்து நீட்டும் ஏதோ ஒன்றாக இருக்கும். விளக்கு எத்தனை வருடம் எரியும், வீட்டில் யாருக்காவது ஷாக் அடிக்குமா என்ற இரண்டையும் தீர்மானிப்பது அந்தப் பெட்டிதான்.

நிறத்தைப் பற்றிய கவலையை முதலில் விட்டுவிடலாம். கீரைக்கும் நாற்றுக்கும் நல்ல வெள்ளை எல்.இ.டி. போதும். நீல எல்.இ.டி.யின் மேல் பாஸ்பர் பூசித்தான் வெள்ளை ஒளியை உண்டாக்குகிறார்கள். நீலம், பச்சை, சிவப்பு எல்லாமே அதில் இருக்கின்றன. பச்சை ஒளியையும் இலை பயன்படுத்திக்கொள்கிறது என்பதை 1972இல் மெக்ரீ என்ற ஆய்வாளர் வெளியிட்ட அளவீடுகள் காட்டிவிட்டன. சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த ஊதா விளக்கின் கீழே இலை மஞ்சளாவதும் பூச்சி அரித்திருப்பதும் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. செடி வளர்ப்பவருக்கு அது பெரிய இழப்பு.

எவ்வளவு வாட் வேண்டும்? இரண்டடிக்கு இரண்டடித் தட்டில் கொத்தமல்லியோ வெந்தயக் கீரையோ வளர்க்க, தரமான வெள்ளை எல்.இ.டி. என்றால் 40 வாட் நல்ல தொடக்கம். தினமும் 14 மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்துக்கு 34 யூனிட் அளவில் வரும். தக்காளி காய்க்க வேண்டுமானால் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தேவைப்படும். வெயில் படும் மொட்டைமாடி இருப்பவர்கள் தக்காளியை அங்கேயே வைத்துக்கொள்வது நல்லது. அடுக்குமாடியின் தரைத்தளத்தில், எதிர்க் கட்டடத்தின் நிழலில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இனி டிரைவர். ஒரு வாட் வெள்ளை எல்.இ.டி. ஒன்றில் 350 மில்லியாம்பியர் ஓடும்போது அதன் இரு முனைகளுக்கு இடையே சுமார் 3 முதல் 3.4 வோல்ட் இருக்கும். அதற்கு மேல் பத்தில் ஒரு வோல்ட் கூட்டினாலும் மின்னோட்டம் தாவி ஏறிவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு: எல்.இ.டி. சூடாகச் சூடாக, அதே மின்னோட்டத்துக்குத் தேவைப்படும் வோல்ட்டேஜ் குறைந்துகொண்டே வரும். வோல்ட்டேஜை ஒரே அளவில் வைத்திருக்கும் சப்ளையை நேராக மாட்டினால், சூடு மின்னோட்டத்தைக் கூட்டும், கூடிய மின்னோட்டம் சூட்டைக் கூட்டும், ஒரு கட்டத்தில் எல்.இ.டி. கருகும். மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்துவைத்து, வோல்ட்டேஜை எல்.இ.டி.யின் போக்குக்கு விட்டுக்கொடுக்கும் சப்ளைதான் இதற்கு ஏற்றது. கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சின்ன டிரைவர்களின் மேல் ‘8–12×1 வாட், 300 மில்லியாம்பியர், 24–42 வோல்ட்’ என்பதுபோல அச்சிட்டிருக்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு எல்.இ.டி.களைச் சீரிஸில், அதாவது ஒன்றன் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸோடு சேர்த்து, ஒரே வரிசையாக மாட்டலாம் என்று அர்த்தம். நான் பத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். பத்து எல்.இ.டி.க்கு 31 வோல்ட் அளவில் வரும். 300 மில்லியாம்பியரில் 9 வாட்டுக்குச் சற்று மேல். டிரைவர் தன் எல்லைகளுக்கு நடுவே நிம்மதியாக வேலை செய்யும். பன்னிரண்டு போட்டால் மேல் எல்லையை ஒட்டிப் போய்விடுகிறது. சில டிரைவர்கள் அங்கே மினுக்கத் தொடங்கும். 40 வாட் வேண்டுமென்றால் இப்படி நான்கு வரிசை, நான்கு டிரைவர். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ஒன்று போனால் மற்ற மூன்றும் எரியும், போனதைக் குறைந்த செலவில் மாற்றிவிடலாம்.

12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் மும்மூன்று எல்.இ.டி.க்கு ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. அதனால் 12 வோல்ட் நிலையாகக் கொடுக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ். அதற்குப் போதும். ஆனால் 12 வோல்ட்டில் 9 வோல்ட்தான் எல்.இ.டி.களுக்குப் போகிறது, மீதி 3 வோல்ட், அதாவது மின்சாரத்தில் கால் பங்கு, ரெசிஸ்டரில் சூடாகிறது. நாற்றுத் தட்டுக்குச் சரி, தினமும் 14 மணி நேரம் எரியும் விளக்குக்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

பெரிய டிரைவர் வாங்குகிறவர்கள் அதிகம் தேடுவது தைவானின் மீன் வெல் கம்பெனியின் எச்.எல்.ஜி. வரிசையை. 90 முதல் 305 வோல்ட் வரை எந்த உள்ளீட்டிலும் இயங்கும் என்பதால் நம் ஊர் வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். மாடல் பெயரின் கடைசியில் ‘ஏ’ என்றிருந்தால் பெட்டியிலேயே திருகி அளவை மாற்றலாம். ‘பி’ என்றிருந்தால் வெளியே ஒரு பொட்டென்ஷியோமீட்டர் மாட்டி ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம். முளைவிட்ட மறுநாளே முழு வெளிச்சம் வேண்டாம் என்பதால் இது உபயோகமான வசதி.

பெரிய டிரைவர் வந்ததும் சீரிஸா பேரலலா என்ற கேள்வி வருகிறது. 1.4 ஆம்பியர் டிரைவரில் நான்கு வரிசைகளைப் பேரலலாக மாட்டினால், ஒவ்வொன்றுக்கும் 350 மில்லியாம்பியர் போகும் என்று எதிர்பார்க்கிறோம். ஒரு வரிசையில் சால்டர் விட்டுப்போனால் டிரைவர் தன் 1.4 ஆம்பியரை விட்டுக்கொடுக்காது. மீதி மூன்றுக்கும் தலா 467 மில்லியாம்பியரைத் தள்ளும். 350க்கு மேல் தாங்காத எல்.இ.டி.கள் அதில் சீக்கிரம் போய்விடும். நான்கையும் சீரிஸில் போட்டால் இந்தத் தொல்லை இல்லை, எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் ஓடும். ஆனால் வோல்ட்டேஜ் கூடிக்கொண்டே போகும். ஒரே தகட்டில் பல சிப்புகளை நெருக்கிப் பதித்த 36 வோல்ட் சி.ஓ.பி. எல்.இ.டி. நான்கு சேர்ந்தால் 144 வோல்ட் டி.சி. ஆளைக் கொல்லப் போதுமான அளவு. பேட்டரி மாதிரி டி.சி.தானே என்று நினைத்துக் கை வைப்பவர்களை நினைத்து எனக்கு உண்மையிலேயே பயம். பூவாளியும் ஈரக் கையும் புழங்கும் இடத்தில் எல்.இ.டி. பக்க வோல்ட்டேஜ் 60ஐத் தாண்டக் கூடாது என்பது என் கட்சி. வெளிநாட்டு வீடியோவில் யாராவது பெருமையாகத் தாண்டிக் காட்டினாலும் நாம் தாண்ட வேண்டாம்.

இதைவிட ஆபத்தான பழக்கம் ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. பழுதான எல்.இ.டி. பல்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் வட்டத் தகட்டைச் சரிசெய்து, மூடி இல்லாமல் செடிக்கு மேலே தொங்கவிடுவது. இப்போதைய மலிவு பல்புகள் பலவற்றில் தனி டிரைவர் கிடையாது. 230 வோல்ட்டை அப்படியே டி.சி.யாக்கி, அதே தகட்டில் இருக்கும் சின்ன ஐ.சி. வழியாக எல்.இ.டி.களுக்கு விடுகிறார்கள். நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால் அந்தச் சால்டர் புள்ளிகள் ஒவ்வொன்றும் வீட்டு மெயின்ஸோடு நேரடியாகச் சேர்ந்தவை. 230 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 325 வோல்ட். அலுமினியத் தகட்டுக்கும் செம்புத் தடத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய காப்புப் படலம் மட்டுமே. பல்பில் பிளாஸ்டிக் உடல் மூடியிருந்ததால் பாதுகாப்பாக இருந்தது. அந்த மூடியை எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளிக்கும் இடத்தில் வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். சில மலிவான தனி டிரைவர்களிலும் இப்படி மெயின்ஸும் எல்.இ.டி. பக்கமும் பிரிக்கப்படாமல் இருக்கும். ‘ஐசொலேட்டட்’ தானா என்று கேட்டு வாங்குங்கள். எல்.இ.டி. டிரைவர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு, ஐ.எஸ். 15885 என்ற எண்ணும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் மேலே இருக்கிறதா என்று பாருங்கள்.

மாட்டும் வரிசையிலும் கவனம் வேண்டும். எல்.இ.டி. இல்லாமல் டிரைவருக்கு மின்சாரம் கொடுத்தால், அதன் வெளியீடு உச்ச வோல்ட்டேஜுக்கு ஏறி நிற்கும். அப்போது எல்.இ.டி.யைத் தொடவைத்தால், உள்ளே கெபாசிட்டரில் தேங்கியது ஒரே மூச்சில் பாயும்; எல்.இ.டி. அந்தக் கணத்தில் போகலாம். எனவே முதலில் எல்.இ.டி. பக்கம், பிளஸ் மைனஸ் சரிபார்த்து, கடைசியில்தான் பிளக்.

டிரைவருக்குள் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்தான் முதலில் சாகும் பாகம். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. மே மாதத்தில் அறையே 40ஐ நெருங்கும் ஊரில், டிரைவரை எல்.இ.டி. பலகையின் முதுகில் ஒட்டுவது அதை அடுப்பில் வைப்பது போல. தனியாகச் சுவரில், தட்டுக்கு எட்டாத உயரத்தில், காற்றுப் படும்படி மாட்டுங்கள். போட்டிருக்கும் வாட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். ஒயரை நேராக இழுத்துக்கட்டாமல், டிரைவருக்குள் நுழையும் முன் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எல்.இ.டி. பொருத்திய அலுமினியச் சட்டத்துக்கு எர்த் கட்டாயம் தேவை. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, ரிங் லக் வைத்து, போல்ட் போட்டு இறுக்க வேண்டும்; முறுக்கிச் சுற்றிவிட்ட பச்சை ஒயரை எர்த் என்று சொல்லக் கூடாது. அந்த பிளக் பாயின்ட், மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யின் கீழ் இருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் ஒயர் வந்திருக்காது. முகப்பைப் பார்த்து நம்ப முடியாது. மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் 230ஐ ஒட்டி வர வேண்டும். அப்படி வராவிட்டால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் இழுத்த பிறகு டிரைவரை வாங்கப் போங்கள்.