சிகிச்சைக்குப் பின் வரும் அச்சம்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறி, மீண்டும் தறிக்கும் வயலுக்கும் திரும்பியிருக்கும் சகோதரிகள் இன்று நம் சங்கங்களின் அங்கத்தினரிடையே பலர் உளர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பெற்ற காலத்தில், இந்நோய் கண்டால் பிழைப்பது அரிது என்பதே மக்கள் எண்ணமாக இருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. நோயைக் காலத்தில் கண்டு சிகிச்சை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் நெடுநாள் வாழ்கின்றனர். ஆயினும் பிழைத்தவர்களைப் பின்தொடரும் துன்பம் ஒன்றுண்டு. அதைப்பற்றி வீட்டிலும் பேசுவதில்லை, சங்கத்திலும் பேசுவதில்லை. ஆகவே இங்குச் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

குளிக்கும்போதோ, ரவிக்கை அணியும்போதோ விரலில் ஏதோ தடிப்பாகத் தட்டுப்படுகிறது. பழைய தழும்பின் ஓரத்தில் சிறு கட்டி. அல்லது அக்குளில் ஒரு வீக்கம். அந்தக் கணமே மனம் பழைய நாட்களுக்கு ஓடிவிடுகிறது. இவ்வச்சம் கோழைத்தனமன்று. நெருப்பில் சுட்டுக்கொண்ட கை மறுமுறை சூட்டைக் கண்டு பின்வாங்குவது இயற்கை. அச்சம் வருவதில் தவறில்லை; வந்த அச்சத்தை எவ்வாறு நடத்துவது என்பதே கேள்வி.

இதில் இருவகைப் போக்குகளைக் காண்கிறோம். சிலர் நாளொன்றுக்குப் பத்து முறை அவ்விடத்தைத் தடவி அழுத்திப் பார்க்கின்றனர். ஓயாது அழுத்துவதால் அவ்விடம் வலி காண்கிறது. அவ்வலியே புதிய அச்சத்துக்குக் காரணமாகிறது. வேறு சிலர் கண்டதை ஒருவரிடமும் கூறாமல் மறைத்துவிடுகின்றனர்.

நாம் பார்வையிடச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், ஓர் அங்கத்தினரின் உற்பத்தி மாதாமாதம் குறைந்துவருவதைக் கூலிப் புத்தகத்தில் கண்டோம். சோம்பல் என்றே நிர்வாகத்தினர் கருதியிருந்தனர். விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவ்வம்மையாரின் தழும்பருகே ஒரு கட்டி தோன்றியிருக்கிறது. “இந்தப் பாவு முடியட்டும்” என்று ஒருமுறை தள்ளினார். அடுத்த பாவும் ஏறியது. இவ்வாறு நான்கு மாதங்கள் உறக்கமின்றிக் கழிந்தன. பின்னர் மருத்துவமனையில் ஊசி வைத்துப் பரிசோதித்ததில் அது புற்று அன்று, நசிந்துபோன கொழுப்புத் திசு என்று தெரிந்தது. நல்ல முடிவுதான். ஆனால் முடிவு வேறாக இருந்திருப்பின், அந்த நான்கு மாதங்களை யார் திருப்பித் தருவார்?

அறுவையும் கதிர்வீச்சும் கண்ட இடத்தில் கட்டிகள் தோன்றப் பல காரணங்கள் உண்டு. தழும்பு தடித்துப்போகலாம். நீர் தேங்கலாம். தையலின் முடிச்சு தட்டுப்படலாம். கொழுப்புத் திசு நசிந்து கெட்டியாகலாம். இது சிகிச்சைக்குச் சில ஆண்டுகள் கழித்துங்கூடத் தோன்றுவதுண்டு. கையில் சிறு புண் சீழ் வைத்தாலும் அக்குளில் நெறி கட்டும். இவை யாவும் தீங்கற்றவை. நோய் திரும்புவதும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. இவற்றுள் எது எது என்று விரலால் அறிய இயலாது. பழகிய டாக்டரும் ஐயம் எழுந்தால் மாம்மோகிராம், அல்ட்ராசவுண்ட், ஊசிப் பரிசோதனை ஆகியவற்றையே நாடுகிறார்.

நெசவாளர்களுக்கு ஒரு செய்தியைக் குறிப்பாகக் கூற வேண்டும். சீனாவின் ஷாங்காய் நகரத்து நெசவாலைகளைச் சேர்ந்த சுமார் 2,66,000 பெண்களைக் கொண்டு 1989-ஆம் ஆண்டு ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மார்பைத் தாமே தடவிப் பார்க்கும் முறை நன்கு கற்பிக்கப்பட்டது. மறு பிரிவினருக்குக் கற்பிக்கப்படவில்லை. 2002-இல் வெளியான இறுதி முடிவின்படி, மார்பகப் புற்றால் நேர்ந்த மரணங்கள் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. கற்றவர்களிடையே தீங்கற்ற கட்டிகளே மிகுதியாகக் கண்டுபிடிக்கப்பட்டன. அவர்கள் பொதுவான பெண்கள்; ஆகவே முன்னரே நோய் கண்டவர்களுக்கு இம்முடிவை அப்படியே பொருத்தலாகாது. எனினும், மேலும் மேலும் தடவிப் பார்ப்பதால் மட்டும் உயிர் காக்கப்படுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

கணக்குப் பார்ப்பது நமது தொழிலாதலால் அதிலிருந்தே ஓர் உவமை கூறுவோம். மணிக்கொரு தரம் பேரேட்டைப் புரட்டும் காரியதரிசிக்கு வேறு வேலை எதுவும் ஓடாது. ஆண்டு முழுவதும் பேரேட்டைத் திறவாதவரோ சங்கத்தையே கவிழ்த்துவிடுவார். குறித்த காலத்தில் குறித்த முறையில் பார்த்து, ஐயம் எழுந்தால் உரியவரிடம் உடனே தெரிவிப்பதே ஒழுங்கு. உடலுக்கும் இதுவே பொருந்தும்.

மாதம் ஒருமுறை, ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். மாதவிலக்கு உள்ளவர்கள் அது முடிந்த சில நாட்களுக்குப் பின் பார்ப்பது நலம். தழும்பு, இரு பக்கத்து மார்பு, அக்குள், கழுத்தெலும்பின் மேற்புறம் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். புதிதாக ஏதேனும் தோன்றினால் தேதியையும், இடத்தையும், அது பயறளவா பட்டாணியளவா என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அதன்பின் கையை எடுத்துவிட வேண்டும். அடுத்த தவணைவரை காத்திராமல் ஒரு வாரத்துக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டும். தோல் சிவந்து தடித்தல், காம்பிலிருந்து கசிவு, கை வீக்கம், விடாத எலும்பு வலி, நீங்காத இருமல், மூச்சுத்திணறல் ஆகியவற்றையும் தெரிவிக்க வேண்டும்.

பொதுவாக முதல் மூன்று ஆண்டுகளில் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கொருமுறையும் டாக்டரிடம் காட்டுவது வழக்கம். எஞ்சிய மார்பகத்துக்கு ஆண்டுதோறும் மாம்மோகிராம் எடுக்கப்படுகிறது. தம் டாக்டர் வேறு முறை கூறியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். அறிகுறி ஏதுமில்லாதபோது, மனச்சமாதானத்துக்காகக் கடன் வாங்கி உடல் முழுவதற்கும் ஸ்கேன் எடுப்பதால் ஆயுள் நீள்வதாகத் தெரியவில்லை. கடன்தான் நீளும்.

தவணை நெருங்குகையில் அச்சம் மிகுவது எல்லோருக்கும் உள்ளதே. அந்நாட்களில் தனித்திராமல் தார் சுற்றுதல் போன்ற கைப்பழக்கமான வேலையில் அமர்வதும், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம் விட்டுக் கூறுவதும், டாக்டரிடம் கேட்க வேண்டியதை எழுதி வைப்பதும் பயன் தரும். உறக்கமும் உணவும் பல நாட்கள் கெடுமாயின் அதையும் டாக்டரிடம் கூறவேண்டும். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவியைக் கட்டணமின்றிப் பெறலாம்.

வீட்டாருக்கும் ஒரு சொல். “எல்லாம் குணமாகிவிட்டதே, இன்னும் என்ன பயம்?” என்று கணவரோ மாமியாரோ கேட்பது ஆறுதலாகாது, அடுத்த முறை அவர் வாய் திறவாமலிருக்கவே அது வழி செய்யும். “வா, நாளைக்கே போய்க் காட்டிவிட்டு வருவோம்” என்பதே ஆறுதல்.

இறுதியாகச் சங்கங்களின் கடமை. ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போகும். பஸ் கட்டணமும் துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து மும்மடங்கு நஷ்டமாகும். இதற்கு அஞ்சியே பலர் நாளைத் தள்ளுகின்றனர். துணைவிதிகள் இடந்தரும் அளவில் பொது நல நிதியிலிருந்து பயணச் செலவு அளிக்கலாம். சேலை ஒப்படைக்கும் கெடுவைச் சில நாட்கள் நீட்டிக்கலாம். துணைக்குச் செல்லப் பெண் அங்கத்தினர் ஒருவரை ஏற்பாடு செய்யலாம். இவற்றைச் செய்யும்போது காரணத்தை ஊரறியச் செய்யாதிருத்தல் மிக முக்கியம். கூலிப் புத்தகத்தில் ஒருவருடைய உற்பத்தி குறையுமானால், குறைகூறுமுன் தனியே அழைத்து நலம் விசாரிப்பதும் காரியதரிசியின் வேலையே.

தனி ஒருவரால் தாங்க இயலாத சுமையைப் பலர் சேர்ந்து தாங்குவதற்கே சங்கம் கண்டோம். நூல் விலையின் சுமை மட்டுமன்று, அச்சத்தின் சுமையும் அதில் அடங்கும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு ஆவன செய்யுமாறு நம் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.